கம்பி பழகும் வரை

பிப்ரவரி 2, ஞாயிறு

விரல்கள் எப்படி இருக்கின்றன என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபி டாக்டரம்மா. எவ்வளவு மரத்திருக்கிறது என்று பத்துக்கு ஒரு எண் போட்டால் போதுமாம். இன்று எட்டு.

எண்ணோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்று ஒன்று நடந்தது.

ஒன்பது மாதத்துக்குப் பிறகு பேஸ் கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். போன மே மாதம் இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. அறுவை, பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள், பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு. புற்றுநோய் போய்விட்டது என்கிறார்கள். மருந்து பத்து விரல் நுனிகளின் உணர்ச்சியையும் கொண்டுபோய்விட்டது. மெல்லத் திரும்பும், சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு என்று தொடங்கிய டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் வாசித்தேன். கம்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் தொட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டில் இடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அடுக்களையிலிருந்து வந்த என் தங்கை ஜெசிந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எக்கா, நிறுத்து. கையப் பாரு."

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிழிந்திருந்தன. கிட்டாரின் வெள்ளைத் தகட்டில் ரத்தம் கோடு கோடாக இறங்கியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எட்டு. கப்பல் ஆபீசில் இன்று முழுவதும் மோதிர விரலால் டைப் செய்தேன். பக்கத்து மேசைக்காரர் கேட்டார். மீன் முள் என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

ரொமால்ட் வந்தார். எங்கள் மெல்லிசைக் குழுவின் டிரம்மர். பதினாறு வருடம் மேடையில் அவருக்கு இடது பக்கம் நின்று வாசித்திருக்கிறேன். மனைவி இறந்து ஏழு வருடம் ஆகிறது, ஒரே மகள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாளிலிருந்து புதன்தோறும் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஜெசிந்தாவுக்காக வாங்கி வருவதாகச் சொல்கிறார். ஜெசிந்தாவுக்கு முட்டை ஆகாது, மக்ரூனைத் தொடமாட்டாள் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

கட்டுப் போட்ட விரல்களைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. எந்தக் கம்பி போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

சாதாரண பேஸ் கம்பியின் மேல் உருண்டைக் கம்பி சுற்றியிருக்கும். தடவினால் அரம்தான். காய்ப்பு ஏறிய விரலுக்கு அது ஒன்றும் செய்யாது. என் காய்ப்பெல்லாம் ஒன்பது மாதத்தில் உரிந்து போய்விட்டது. வலித்தால் கை தானே விலகும், வலியும் இல்லை.

"தட்டைக் கம்பி போடுங்க," என்றார். "ஃபிளாட்வுண்ட். நாடா சுத்துன மாதிரி இருக்கும். வழவழன்னு கெடக்கும், அறுக்காது."

எனக்கு அது தெரியாதது இல்லை. மந்தமான சத்தம், கிழவர்கள் போடும் கம்பி என்று நானே கேலி பேசியிருக்கிறேன். அதை அவர் நினைவுபடுத்தவில்லை.

பிப்ரவரி 8, சனி

எட்டு. சென்னைக் கடைக்கு போன் போட்டேன். தட்டைக் கம்பியில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: தடித்த எஃகு, மெல்லிய நிக்கல், கறுப்பு நைலான் சுற்றியது. எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். தடித்த எஃகுதான், பழைய ரெக்கார்டில் கேட்கிற அதே சத்தம் என்றார் கடைக்காரர். அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கம்பி வந்துவிட்டது. மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. தட்டைக் கம்பியை வெட்டுவதற்கு முன்னால் சுருதிச் சாவியடியில் மடக்கிவிட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்நாடா பிரிந்து கம்பி செத்துவிடும். என் விரலால் மடக்க முடியவில்லை. ஜெசிந்தா குறடு பிடித்தாள். தன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறவள் என்பதால் நான்கையும் ஒரே அளவில் மடக்கினாள்.

சுருதி ஏற்ற ஏற்ற, கிட்டாரின் கழுத்து முன்பக்கமாக வளைந்துகொண்டு வந்தது. கம்பிக்கும் விரல் அழுத்தும் கட்டைக்கும் நடுவே இரண்டு நாணயம் அடுக்கலாம் போல இடைவெளி. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கால் சுற்று முறுக்கினேன். கொஞ்சம் இறங்கியது.

அறுக்கவில்லை. அது நிஜம். ஆனால் அழுத்துவதற்குத் தோளிலிருந்து பலம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பழகிவிடும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஏழரை. தினமும் அரை மணி நேரம் வாசிக்கிறேன். இடது கை கொஞ்சம் கனம்.

பிப்ரவரி 19, புதன்

ரொமால்ட் வந்தார். அவர் இருக்கும்வரை நான் என் முழுக்கைச் சட்டையின் இடது கைப் பொத்தானை அவிழ்க்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த கை. அதிகம் வேலை வாங்கினால் இப்படி நீர் கோக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். சொல்லியிருப்பார்கள். அப்போது நான் எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லை. கைக்கு இறுக்கமான ஓர் உறை தந்து, இரண்டு வாரம் கிட்டாரைத் தொடக்கூடாது என்றார்கள்.

கம்பிகளைக் கழற்றிப் பெட்டியை மூடினேன். குழுத் தலைவர் தனசேகரன் அண்ணனுக்கு போன் போட்டு, நிரந்தரமாக வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இப்போதைக்கு அவரேதான் கீபோர்டில் இடது கையால் பேஸ் வாசித்துச் சமாளிக்கிறார். அவர், சாப்பிட்டியாம்மா என்று கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரொமால்டின் மகள் ஷெரில் வந்தாள். கல்யாண நாள் வைத்துவிட்டார்களாம். தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்கு அடுத்த வாரம், ஏப்ரல் 28. அன்று சாயங்கால வரவேற்பில் எங்கள் குழுவின் கச்சேரி. நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். கையைக் காட்டினேன். என்னால் முடியாது என்று தெளிவாகவே சொன்னேன்.

அவள் அழவோ கெஞ்சவோ இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே ஒன்று சொன்னாள். "ஒன்பது மாசமா மேடையில ஒங்க இடம் சும்மாத்தான் கெடக்கு ஆன்ட்டி. அங்க ஒரு ஸ்பீக்கர் வைக்கக்கூட அப்பா விடமாட்டாங்க."

வயர் போக வழி வேண்டும் என்பதற்காக இருக்கும்.

பிப்ரவரி 26, புதன்

ஏழு. வீக்கம் வடிந்துவிட்டது.

ஆபீசில் ஒரு சரக்குப் பத்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருடமாகக் கப்பல் ஆபீசில் இருக்கிறேன். எந்தச் சரக்கு வந்தாலும் முதல் கேள்வி, எடை என்ன. கம்பி வாங்கும்போது மட்டும் அதைக் கேட்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் சென்னைக்கு போன் போட்டேன். நான்கு கம்பியும் சேர்ந்து கழுத்தை எத்தனை கிலோ இழுக்கும் என்று கேட்டேன். கடைக்காரர் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை போல. கம்பியின் அட்டை உறையைத் தேடி எடுத்துப் படித்தார். நான் வாங்கிய எஃகுக் கம்பி தொண்ணூறு கிலோவுக்கு மேல். மெல்லிய நிக்கல் அறுபத்து மூன்று. என் பழைய உருண்டைக் கம்பியே எண்பதுக்குக் கிட்ட. அறுபத்து மூன்று என்றால் தோளிலிருந்து அழுத்த வேண்டியதில்லை, லேசாகத் தொட்டாலே கம்பி இறங்கி வரும்.

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். கைக்கு அந்த இறுக்க உறையைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிடம், வீங்கினால் அன்றே நிறுத்த வேண்டும் என்றார்.

இதை ரொமால்டிடம் சொன்னபோது அவர் மக்ரூன் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நூலில் முடிச்சு விழுந்துவிட்டது.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையில் கோயில். சாயங்காலம் நிக்கல் கம்பி மாட்டினோம். கழுத்து இப்போது எதிர்ப்பக்கம் நிமிர்ந்து கம்பி கட்டையில் உரசியது. முன்பு முறுக்கிய கால் சுற்றையும் அதற்கு மேல் கொஞ்சமும் தளர்த்தினேன். அழுத்த இதமாக இருக்கிறது.

சத்தம்தான் சகிக்கவில்லை. தட்டைக் கம்பி மந்தமாக இருக்கும் என்று யார் சொன்னது? புதுக் கம்பி தகரக் கூரையில் ஆணி கொட்டுவதுபோல் இருக்கிறது. பழக ஆறேழு வாரம் ஆகும், தினமும் வாசிப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்கிறார் ரொமால்ட். விரல் பிசுக்கு நாடாவின் இடுக்கில் மெல்ல மெல்ல இறங்க வேண்டுமாம்.

தவக்காலம். கல்யாணம் கிடையாது, கச்சேரியும் அதிகம் இல்லை. நாற்பது நாள் இருக்கிறது. கல்யாணத்தில் வாசிக்கப்போகிறேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஏழு. பத்து நிமிடம், இரண்டு தடவை. ரத்தம் இல்லை. வீக்கம் இல்லை.

மார்ச் 10, திங்கள்

ஏழு. அதே.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஞாயிறு, ஆனாலும் ரொமால்ட் வந்தார். கம்பி பழகத் தாளத்தோடு வாசிப்பது நல்லதாம். கம்பிக்குத் தாளம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துண்டை விரித்து, குச்சியால் மெல்லத் தட்டினார். வலது காலால் தரையில் உதைத்தார்.

விரல் சொல்லாததை அந்தக் கால் சொல்லியது. பழையபடி விரலில் கம்பி வந்து உட்கார்ந்த பிறகு மீட்டுவது என்பது இனி இல்லை. அவர் பாதம் தரையில் படும் இடத்தில் என் விரலைப் போட்டால் போதும். நான்கு பாட்டு முடிந்தபோது பத்து நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. ஜெசிந்தா வந்து கடிகாரத்தைக் காட்டினாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஆறரை. தகரச் சத்தம் குறைந்திருக்கிறது. முதலில் தடித்த கம்பிதான் பழகியது. அடித்தால் ஒரு 'தும்', அதோடு நின்றுவிடுகிறது. ஓசை இழுத்துக்கொண்டு போவதில்லை. மெல்லிய கம்பி இன்னும் சிணுங்குகிறது.

ரொமால்ட் போன பிறகு ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டே, தனசேகரன் அண்ணன், கிட்டார்காரர் அண்ணன், தபலா அண்ணன், மைக் செட் அண்ணன் என்று ஒவ்வொருவராக எண்ணினாள். "எல்லாரும் ஒனக்கு அண்ணன். இவர மட்டும் பதினாறு வருசமா எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல."

இவளுக்கு வேறு வேலை இல்லை. இவள் கணவர் கப்பலுக்குப் போனால் ஒன்பது மாதம் வரமாட்டார். இவள் உட்கார்ந்து இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 26, புதன்

அவர் வந்தபோது கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. வந்தார், உட்கார்ந்தார், வாசித்தோம்.

ஏப்ரல் 5, சனி

தனசேகரன் அண்ணன் வீட்டு மாடியில் கல்யாணக் கச்சேரிக்கு ஒத்திகை. எல்லோரும் என் தலையில் முளைத்திருக்கும் சுருட்டை முடியைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்கள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் என்னுடையது கோரை முடி.

முதல் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவது வேகப் பாட்டு. பாட்டின் நடுவில் கண்ணை ஒரு நொடி கட்டையிலிருந்து எடுத்தேன். விரல் அடுத்த கம்பியில் விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் சரியாக வரவில்லை.

கல்யாணத்தன்று தனசேகரன் அண்ணனே இடது கையால் பேஸ் வாசிக்கட்டும், நான் சும்மா கூட நிற்கிறேன், ஒலியைக் குறைத்து வைத்துவிடுங்கள் என்று சொன்னேன். எல்லோரும் சம்மதிப்பதுபோல் இருந்தார்கள். ரொமால்ட் குச்சியைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"தப்பா வாசிங்க," என்றார். "சத்தமா வாசிங்க. சும்மா நிக்கறதுக்கு ஆள் வேணும்னா நான் வேற யாரையாவது கூப்பிட்டிருப்பேன்."

அந்தப் பாட்டை மறுபடி எடுத்தோம். இரண்டு இடத்தில் தப்பினேன். சத்தமாகத் தப்பினேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆறு. இன்று அவர் வரவில்லை. கல்யாண வேலை இருக்கும். மக்ரூன் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

ஏப்ரல் 10, வியாழன்

வந்தார். நேற்று பத்திரிகை வைக்க உவரிக்குப் போயிருந்தாராம். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று கிட்டாரைத் தொடவில்லை. சிலுவைப்பாதையில் நடந்தபோது மெழுகுவர்த்தி உருகி இடது சுண்டுவிரலில் சொட்டியது. சுட்டது. நடக்காமல் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் ஜெபத்தில் உருகி நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சுட்டது, அவ்வளவுதான். ஐந்து என்று போடுகிறேன்.

ஏப்ரல் 26, சனி

மெல்லிய கம்பியும் பழகிவிட்டது. நான்கும் ஒரே குரலில் பேசுகின்றன.

இதை எழுதும் மனநிலையில் நான் இல்லை. நாளை மறுநாள் கச்சேரியில் ரொமால்ட் டிரம்ஸ் வாசிக்கப்போவதில்லை. பெண்ணின் அப்பா மேடையில் உட்கார்ந்து கொட்டிக்கொண்டிருந்தால் வருகிறவர்களை யார் கவனிப்பது? யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆளை வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கைக்காரராம். அந்த ஆளுடைய காலை எனக்குத் தெரியாது.

ரொமால்ட் இதைச் சொன்னபோது வாசலில் நின்றிருந்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க வரமாட்டீங்க," என்றார். சரிதான்.

ஏப்ரல் 28, திங்கள்

வெள்ளைப் புடவை வேண்டாம், ஊதா கட்டு என்கிறாள் ஜெசிந்தா. உறைக்கு மேல் ரவிக்கைக் கை ஏறவில்லை. கிளம்புகிறோம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டேன். எழுத வேண்டும்.

நாகர்கோவில்காரர் பெயர் சாலமோன். மண்டபத்துக்கு நான்கு மணிக்கே போய் அவரிடம் நேராகச் சொன்னேன்: எனக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு, உங்கள் பெரிய டிரம்மின் பெடலை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், தப்பாக நினைக்காதீர்கள். பதினாறு வருடமாகத் தெரிந்தவர்களிடம்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் உடனே எழுந்து, பெடல் எனக்குத் தெரியும்படி டிரம்ஸ் முழுவதையும் ஒரு சாண் திருப்பிப் போட்டார். எனக்கு ஒரு ஸ்டூலும் கொண்டுவந்து வைத்தார்.

வாசித்தேன். பதினொரு பாட்டு. மூன்று இடத்தில் தப்பு. ஒன்று பெரிய தப்பு. சாலமோன் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அதற்கேற்ப ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார், வேண்டுமென்றே செய்ததுபோல் ஆகிவிட்டது. ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு பெடலைப் பார்க்க மறந்துபோனேன். நிமிர்ந்து சனங்களைப் பார்த்தேன். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஷெரில் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

அப்போதுதான் ரொமால்டைப் பார்த்தேன். கோட்டும் சூட்டும் போட்டு, வாசலில் வரவேற்க வேண்டிய மனிதர், மேடைக்கு எதிரே சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில் நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்கள் அவருக்குக் கை கொடுத்துவிட்டு, அவர் கவனிக்காததால் தாங்களாகவே உள்ளே போனார்கள். அந்தப் பாட்டு முடியும்வரை நின்றார். அடுத்த பாட்டுக்கும் நின்றார்.

கச்சேரி முடிந்து நான் வயரைச் சுருட்டும்போது மேடைக்கு வந்தார். வாழ்த்துச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"பதினாறு வருசமா பக்கத்துல இருந்தே கேட்டிருக்கேன்," என்றார். "முன்னால நின்னு கேட்டது இன்னைக்குத்தான்."

என் கையிலிருந்த வயரை வாங்கி, மீதியைச் சுருட்டித் தந்துவிட்டுப் போனார்.

எண் போட மறந்துவிட்டேன். தெரியவில்லை. நான்காக இருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

வந்தார். ஷெரில் திருச்சிக்குப் போய்விட்டாள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெரிதாக இருக்கிறது என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தவர் ஜெசிந்தாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜெசிந்தா திடீரென்று மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். காலையிலேயே எடுத்துவிட்ட துணி.

அவர் கேட்டுவிடுவதற்குள் நானே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் திருநெல்வேலியில் பரிசோதனை. இனி ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் ஒரு தடவை போய்க்கொண்டே இருக்க வேண்டும். திரும்ப வராது என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது என்றேன்.

அவர் எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மே 9, வெள்ளி

நான்கு. நிச்சயமாக நான்கு.

ஏழு மணி பஸ்ஸில் திருநெல்வேலி போனோம். எனக்கு ஜன்னலோரம். வாகைக்குளம் தாண்டியதும் சாலமோனைப் பற்றிப் பேசினோம்; நல்ல கை, ஆனால் கொஞ்சம் அவசரம் என்றார் ரொமால்ட். அவசரம் இல்லை, சுறுசுறுப்பு என்றேன். இதைப் பற்றியே புதிய பஸ் நிலையம்வரை சண்டை போட்டோம்.

ஸ்கேன், ரத்தம், டாக்டர். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். ஆகஸ்டில் வரச் சொன்னார்.

அதற்கு முன்பு, காலையில் பதிவு செய்யும் இடத்தில் நடந்ததை எழுத வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயர், வயது, கோப்பு எண் எல்லாம் தட்டச்சு செய்துவிட்டு, கூட வந்திருப்பவர் பெயர் கேட்டாள். ரொமால்ட் சொன்னார்.

"என்ன உறவு?"

அவர் என்னைப் பார்த்தார். வரிசையில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். யோசிக்கிற இடம் அது இல்லை.

"கட்டிக்கப்போறவர்னு போடுங்க," என்றேன்.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையில் மேலும் கீழும் தேடினாள். "அப்படி ஒண்ணு இதுல இல்லையேக்கா. உறவினர்னு போட்டுக்கிடவா?"

ரொமால்ட் தடுப்பின் அருகில் வந்து குனிந்தார். "இப்பதைக்குப் போடுங்கம்மா," என்றார். "ஆகஸ்ட்ல வரும்போது மாத்திக்கிடலாம்."